நோவுமானி

அன்று காலை தணிகாசலம் சுட்ட கடைசித் தோசை ஓரத்தில் கருகிப்போனது. அடுப்பு எட்டுவதற்காகப் போட்டிருந்த முக்காலியில் நின்றபடியே அதைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வட்டமா அழகா வந்ததெல்லாம் மேடத்துக்கு. கருகினது, குட்டையானது எல்லாம் நம்ம ஜாதி" என்றார்.

அவர் மனைவி பூங்கோதை சிரித்தாள். அவள் மணிக்கட்டில் இருந்த நோவுப்பட்டை பச்சையாகவே இருந்தது. தயிர் கேட்டு வந்து வாசலில் நின்ற எதிர்வீட்டு சௌந்தரியும் வாய்விட்டுச் சிரித்தாள். பூங்கோதை அவள் பக்கம் திரும்பியதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. சௌந்தரியின் பட்டை ஆரஞ்சு நிறத்துக்குப் போனது.

"ஐயோ அண்ணே, உங்களப் பத்தி நீங்களே அப்படிச் சொல்லாதீங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கில்லாத கஷ்டம் உனக்கு எதுக்கும்மா? தயிரை எடுத்துக்கிட்டுப் போ" என்றார் தணிகாசலம்.

சௌந்தரி பட்டையை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அப்படி ஒரு காலை வரவில்லை.

நோவுமானி வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. மனம் புண்படும்போது உடம்பு அரை நொடி சுருங்கும். அந்தச் சுருக்கத்தைத் தோலின் ஈரத்தையும் நாடியையும் வைத்துப் பட்டை படித்துவிடும். போரூரில் இருந்த தொலைக்காட்சி நிலையம் அதை நேரலையாகப் போகும் நகைச்சுவைத் தொடர்களில் பொருத்தியது. ஆறாயிரம் மாதிரி வீடுகளுக்கு மட்டும் காட்சி மூன்று நொடி முன்னதாகப் போகும். அங்கே நோவு இருபதைத் தாண்டினால் உரைமாற்றி என்ற இயந்திரம் விழித்துக்கொண்டு, அதே நடிகரின் குரலில், அதே உதடுகளில் வேறொரு வசனத்தை வைத்துவிடும். நாட்டின் மற்ற வீடுகள் அதைத்தான் பார்க்கும்.

இருபது என்ற எல்லையை வகுத்தவள் பூங்கோதை. நிலையத்தில் அவள்தான் அளவமைப்பாளர். அந்த வேலையை அவள் சம்பளத்துக்காக மட்டும் செய்யவில்லை. இருபத்திரண்டு வயதில் நகைச்சுவைக் காட்சிகளில் நடிக்க வந்த தணிகாசலத்தைச் சாக்கில் கட்டித் தூக்கி எறிந்து சிரிக்க வைத்திருக்கிறார்கள். தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார்கள். திக்குவாயையும் கறுப்பையும் தொந்தியையும் வைத்து நகைச்சுவை பிழைத்த காலம் அது. எல்லை அமலுக்கு வந்த அன்று அவர் அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்தார்.

"இனிமே எவனும் என்னத் தூக்கி எறிய முடியாதுல்ல?"

"முடியாதுங்க."

"அப்போ இனிமே நான் எழுதுறேன்."

அப்படித்தான் 'ஆறாம் மேசை' வந்தது. ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடக்கும் தொடர். ஆவண எழுத்தர் குப்புராஜாக அவரே நடித்தார். குப்புராஜின் வசனங்களை அவரே எழுதினார். குப்புராஜைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, குப்புராஜ்தான் ஊரைப் பார்த்துச் சிரித்தான்.

தோசை கருகிய அன்று நேரலையில் போன காட்சியில் புது அதிகாரி கேட்கிறார்: "இருபது வருஷமா இந்த ஆஃபீஸ்ல எப்படிய்யா குப்பை கொட்டுற?"

குப்புராஜ் சொல்கிறான்: "மேசைக்கு மேல நடக்கிறது எனக்குத் தெரியாது சார். அடியில கைமாறுறதெல்லாம் என் கண்ணுக்கு நேராத்தான் போவுது."

விளக்குப் பிடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்று நொடி கழித்துத் தளத்தின் ஓரத்தில் இருந்த திரையில் தணிகாசலத்தின் வாய் அசைந்தது: "நம் அலுவலகத்தில் அனைவரும் சமம், ஐயா." பெட்டியில் அடைத்து வைத்த சிரிப்பு பின்னாலேயே வந்தது.

தணிகாசலம் திரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தன் உதட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தயாரிப்பாளர் ரொசாரியோ ஓடி வந்து குனிந்தார். "தணிகை சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மரியாதைக்காகத்தான்."

"என் மரியாதைய நான் பாத்துக்கிறேன் சார். நீங்க நிமிந்து நில்லுங்க, இடுப்பு புடிச்சுக்கும்."

மேலே கண்காணிப்பு அறையில் பூங்கோதையின் முன்னால் எண் ஒளிர்ந்தது: முப்பத்து நான்கு.

அவள் ஒரு வாரம் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தாள். யாருக்கு நொந்தது என்று தெரியவேண்டும். மாதிரி வீடுகளில் தணிகாசலத்தைப் போல உயரம் குறைந்தவர்கள் இருநூறு பேர்; அவர்களுடைய அளவு மூன்றைத் தாண்டவில்லை. தனியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் நான்கு. அறையில் இரண்டு பேர் இருந்தால் பத்தொன்பது. விருந்தாளி இருந்தால் ஐம்பதுக்கு மேல். சிரிப்பு முதலில் எழும்பி, பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரோ என்ற நினைப்பு வந்ததும் சுருங்கியிருக்கிறது. உடம்புக்கு இரண்டு சுருக்கமும் ஒன்றுதான். அவள் மூன்று வருடமாக அளந்தது வலியை அல்ல. வலிக்காதவன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தை.

தாள்களை எடுத்துக்கொண்டு ரொசாரியோவின் அறைக்குப் போனாள்.

அவர் பொறுமையாகப் படித்தார். "எனக்கும் வீட்ல தனியா இருந்தா அந்த ஜோக்குக்குச் சிரிப்புத்தாம்மா வந்துச்சு" என்றார். "ஆனா தனியா இருக்கிறவன் யாருக்கும் புகார் எழுத மாட்டான். நாலு பேரா உக்காந்திருக்கிறவன்தான் எழுதுவான்."

"அப்ப எல்லையை நாப்பதா மாத்துங்க சார்."

"ஏம்மா இருபதுன்னு இருந்ததை நாப்பதாக்கினீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க. மத்தவங்க மனசு புண்படட்டும்னு நான் கையெழுத்துப் போட்டதா ஆயிடும். அதோட, இருபதுன்னு போட்டது நீங்கதானே?"

உதவியாளர் காபியோடு உள்ளே வந்தாள். ரொசாரியோவின் பட்டை ஆரஞ்சானது. அவர் குரலை உயர்த்தி, "தணிகை சாரோட கண்ணியத்துல இந்த நிலையம் சமரசமே பண்ணாது" என்றார்.

உரைமாற்றி கற்றுக்கொண்டே போகும் இயந்திரம். முதலில் உயரத்தைத் தொட்ட வசனங்கள் போயின. பிறகு குப்புராஜ் உள்ளே நுழைந்தாலே, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வீடுகள் சுருங்கின. அதனால் எல்லோரும் உட்கார்ந்தே பேசினார்கள். அதுவும் போதாமல் ஐப்பசியில் திரையில் அவர் உருவத்தை நிமிர்த்தி, மற்றவர்கள் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உருவத்துக்கான ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்ததால் அவர் நேரில் வரத் தேவையில்லை என்று கடிதம் வந்தது. 'தங்கள் வசதியைக் கருதி' என்று அதில் போட்டிருந்தது.

தணிகாசலம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அவர் முகத்தோடு, ஐந்தடி ஆறு அங்குலத்தில் ஒருவன் கோப்புகளை அடுக்கிக்கொண்டே எல்லோருக்கும் வணக்கம் சொன்னான்.

"யாரு கோதை இவன்? நல்லா வளந்திருக்கானே" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். அவர் சொன்ன கடைசி வேடிக்கை அது. மாசி மாதம் ஒரு மதியம் ஈசிச்சேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர். இதயம் ஏற்கெனவே பலவீனம்தான் என்றும் சொன்னார். அதை அவள் மறுக்கவில்லை.

நிலையம் பெரிய இரங்கல் கூட்டம் நடத்தியது. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். மேடை நிறைய வெள்ளைப் பூ. ரொசாரியோ அழுதார். பொய்யாக அழவில்லை. பூங்கோதையைப் பேசச் சொன்னார்கள்.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அவர் எழுதினதுல அவருக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணச் சொல்றேன்" என்று தொடங்கி, குப்புராஜின் மேசை வசனத்தைக் குப்புராஜின் ராகத்திலேயே சொன்னாள். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் பளிச்சென்று சிரித்தார். முந்நூறு தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பிறகு இருட்டுக்குள் ஆரஞ்சு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கார்த்திகைக்கு ஏற்றியதுபோல அரங்கம் முழுக்க எரிந்தன.

வீட்டுக்கு வந்து ஒளிபரப்பைப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைப் புடவையில் அவள் நின்றாள். அவளுடைய வாய் அவளுடைய குரலில் சொன்னது: "என் கணவர் அனைவரையும் சமமாக மதித்தவர்." கைதட்டல் வந்தது.

பழைய பகுதிகளைத் தேடினாள். அவற்றையும் இயந்திரம் பின்னோக்கிப் போய்த் திருத்தியிருந்தது. நூற்றுப்பன்னிரண்டு பகுதிகளில் அவருடைய வசனம் என்று ஒரு வரிகூட இல்லை. திரையை அணைத்துவிட்டு, மறந்துவிடக் கூடாதே என்று அந்த வசனத்தை மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பாதியில் மணிக்கட்டு சுட்டது. பட்டை ஆரஞ்சாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் இறப்புச் சான்றிதழுக்கான சீட்டு வாங்க மின்மயானத்துக்குப் போனாள். உலையின் சூட்டில் பட்டைகள் வேலை செய்யாது என்பதால் அங்கே யாரும் அணிவதில்லை. பதிவேட்டுக்காரர் விரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார்.

"அந்தக் குள்ளமா இருப்பாரே, டிவில வருவாரே, அவர்தானம்மா? நல்லா பேசுவாரு."

"அவர்தாண்ணே."

"எழுதினது சரியான்னு பாத்துக்க. தப்பு இருந்தா சொல்லு, இப்பவே அடிச்சு மாத்திடலாம்."

உலையைச் சரிப்படுத்துவதற்காக உடலை அளந்து எழுதும் கட்டம் அந்தப் பக்கத்தில் இருந்தது. அவள் பெயரைப் படித்தாள், வயதைப் படித்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். நீல மையில், கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தது: நீளம், மூன்றடி ஏழு அங்குலம்.