பசி அடங்கிய களவாக்கள்

"கழுத்தைக் காட்டுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மேற்பார்வையாளர் கிளாட்வின் ஊசித் துப்பாக்கியை நீட்டினார். சவேரியம்மா சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

அந்த ஊசி கழுத்துத் தோலுக்குள் செலுத்தும், அரிசி அளவேயான கருவிக்குப் பசியடக்கி என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் கூண்டுகளை மிதக்கவிட்டு மீன் வளர்க்கும் அந்தப் பண்ணையில் முதலில் களவா மீன்களுக்குத்தான் போட்டார்கள். களவா பொல்லாதது. நண்டு, கணவாய், மீன் என்று வாய்க்குள் அடங்குவதையெல்லாம் உறிஞ்சி விழுங்கும். குஞ்சாக இருக்கும்போதே கூடப்பிறந்ததை முழுங்கும். பெரியதையும் சிறியதையும் பிரித்துப் பிரித்தே சவேரியம்மாவின் விரல்கள் ஊறிப்போயிருந்தன.

பசியடக்கி வந்தபின் கூண்டில் சண்டையில்லை. ஆனால் களவா பெண்ணாகப் பிறந்து, தின்று பெருத்தபின்தான் ஆணாக மாறும். இப்போது எதுவும் ஆணாகும் அளவுக்குப் பெரிதாகவில்லை. ஆண் இல்லாததால் முட்டைகள் பொரிக்காமல் வீணாக மிதந்தன. கம்பெனி அசரவில்லை, குஞ்சுகளை வெளியில் வாங்கிக்கொண்டது.

அடுத்தது பண்ணையில் வேலை பார்க்கும் ஆட்கள். இனி மதியச் சாப்பாட்டு நேரம் கிடையாது.

"வீட்டுல உள்ளவங்களுக்கும் இலவசம். அரிசிச் செலவு மிச்சந்தான?" என்றார் கிளாட்வின்.

"எனக்கு வேண்டாம் சார். ஒருத்தி குழம்புல இன்னொருத்தி கைய விட்டுத் திங்குற அந்த ஒரு மணி நேரந்தான் எங்களுது. மிச்சமெல்லாம் உங்களுதுதான."

"அப்போ நாளைக்கு வராதீங்க."

"வருவேன். வந்து வாசல்ல நிப்பேன்."

"பசிக்கு வக்காலத்து வாங்குன மொத ஆளு நீதாம்ட்டி!" என்று சிரித்தபடி, கூட வேலை பார்க்கும் ராயப்பன் கழுத்தைக் காட்டினான். அவனுக்குப் பின்னால் எல்லோரும் காட்டினார்கள்.

மறுநாள் காலை சொன்னபடியே கரையிலிருந்த கம்பெனி வாசலில் நின்றாள். வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதியது. மறுபடியும் ஊதியது. கூண்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. கிளாட்வின் தொழிலாளர் குடியிருப்புக்கு ஓடினார். சவேரியம்மாவும் பின்னால் போனாள்.

ராயப்பன் கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்யா வேலைக்கு வரல?"

"பசிக்கல சார்."

"அதுக்கு?"

ராயப்பன் நிதானமாக யோசித்தான். "பசிக்காதவனுக்கு எதுக்கு சார் வேலை?"

அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. யார் முகத்திலும் கோபம்கூட இல்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளாட்வின் திரும்பினார். "நீங்களாவது வாங்கம்மா. கூண்டு அப்படியே கெடக்கு."

"வாரேன் சார். எனக்குப் பசிக்குதுல்ல. ஆனா மொதல்ல இவுக கழுத்துல கெடக்குறத எடுங்க. பொறவு, சாப்பாட்டுக்கு ஒண்ணரை மணி நேரம்."

"ஒண்ணரையா?"

"சீக்கிரம் சொல்லுங்க சார். இன்னுங் கொஞ்சம் பசிச்சா ரெண்டு கேப்பேன்."