பெயர் சொல்லாத அல்வா

நஜஃப் நகரிலிருந்து வந்த வண்டி ஹில்லா ஊரின் ஆற்றங்கரைத் தெருவில் ரபாபை இறக்கிவிட்டபோது வியாழக்கிழமை சாயங்காலம். தெரு முழுக்க நெய்யில் மாவு வறுபடும் வாசனை. வியாழன்தோறும் இறந்தவர்கள் பசியோடு வீடு திரும்புவார்கள் என்று அங்கே அல்வா கிண்டுவார்கள். இன்னாருக்கு என்று பெயர் சொல்லி, ரொட்டியில் மடித்து, அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள்.

தங்கை சமாஹிரின் கணவன் ஜவாத் ஆற்றில் மூழ்கி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ரபாப் கதவைத் தட்டுமுன் பக்கத்து வீட்டு உம்மு லைத் எட்டிப் பார்த்தாள்.

“வாம்மா. துக்கம் காக்கற காலம் முடியல, அதுக்குள்ள உன் தங்கச்சி கண்ணுக்கு மை இட்டுக்கிட்டா. யாருக்காகன்னு நீயாவது கேளு.”

கதவைத் திறந்த சமாஹிர் கறுப்பு உடுத்தியிருக்கவில்லை. கன்னம் உப்பி, உதடு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. கட்டிப்பிடித்தபோது அவள் கழுத்திலிருந்து நாற்றம் வந்தது. மேலே தித்திப்பு, அதற்கடியில், கோழிக்கடைச் சாக்கடையில் ஊறிக் கிடக்கும் இறகுகளின் வீச்சம்.

படுக்கையறைக் கூரையில் இரண்டு பாதங்கள் அழுத்தி நின்ற எண்ணெய்க் கறை. அதற்கு நேர் கீழே தலையணை. உறையில் மஞ்சள் பிசுக்கு காய்ந்திருந்தது. அதில் நீள நீளமாக முடி ஒட்டியிருந்தது.

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து, யார் வந்து போவது என்று ரபாப் கேட்டாள். சமாஹிர் புதுப்பெண்போல் தலையைக் குனிந்துகொண்டாள். வருவது ஜவாத் இல்லையாம். ஒரு பெண்ணின்மேல் கொண்ட ஆசையால் வானத்தைவிட்டு இறங்கி, அந்தப் பாவத்துக்காக இந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள பாபேல் கிணற்றில் தலைகீழாகக் கட்டப்பட்ட வானவராம். கூரையில் கால் ஊன்றித் தொங்கியபடி முகத்தருகே முகம் கொண்டுவருவாராம். அல்வாவை மென்று, தன் வாயாலேயே அவளுக்கு ஊட்டுவாராம். இன்று இருட்டியதும் தன்னோடு கூட்டிப்போகப் போகிறாராம்.

ரபாப் அவள் கையைப் பிடித்தாள்.

“அல்வாவுக்கு யார் பேரைச் சொன்ன?”



“யார் பேரையும் சொல்லல, அக்கா. ஜவாத் பேரைச் சொல்லிட்டா அவர் செத்தது நிஜமாயிடும்ல.”

பெயர் சொல்லாத பங்கை எந்தப் பசி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். ரபாப் அடுப்படிக்கு ஓடி, ஆறிப்போன தட்டைத் தூக்கி வந்தாள். ஜன்னலில் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது.

படுக்கையறையில் ஈர இறகுகளை யாரோ உதறினார்கள்.

நாற்றம் கதவிடுக்கில் கசிந்து வந்தது.

பிறகு காலடி. மொட்டைமாடியில் அல்ல. கூரையின் உட்புறத்தில்.

“சொல்லுடி. ஜவாதுக்குன்னு சொல்லு.”

“அவர் எனக்காக இறங்கி வந்தாரு அக்கா. ஜவாத் என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரு.”

படுக்கையறைக் கதவு திறந்து, நிலையின் மேல்விளிம்பைத் தாண்டி முடிக்கற்றை தொங்கியது. அதன் நுனியிலிருந்து கொழகொழவென்று ஏதோ சொட்டியது. சமாஹிர் முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்தாள்.

ரபாப் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அல்வாவை வாயில் திணித்தாள். சமாஹிர் ஓங்கரித்தாள். அல்வாவோடு சாம்பல் நிறப் பிசிறுகள் கொத்துக்கொத்தாகத் தட்டில் விழுந்தன. குஞ்சுப் பறவையின் மென்னிறகுகள். அவை நெளிந்தன.

“ஜவாதுக்கு,” என்றாள் சமாஹிர். ஓங்கரிப்புக்கு நடுவே, அழுகையோடு, இன்னொரு தரம். “என் ஜவாதுக்கு.”

உள்ளே கனமாக ஏதோ விழுந்தது. முடி மறைந்திருந்தது. கணவன் இறந்தபிறகு முதல்முறையாக சமாஹிர் வாய்விட்டு அழுதாள்.

அன்றிரவே ரபாப் அவளை நஜஃபில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் காலையில் சோப்பு தேய்த்துக் குளிப்பாட்டி, நல்ல வெயிலில் முற்றத்துப் பாயில் உட்காரவைத்தாள். நாற்றம் போயிருந்தது. சமாஹிர் தேநீர் கேட்டாள். தேயிலை டப்பாவை எடுக்க ரபாப் அடுப்படிக்குள் போய்த் திரும்பினாள்.

தங்கையின் ஈரக்கூந்தல் தோளில் விழாமல், நேர்மேலே, வானத்தை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் நுனியிலிருந்து துளிகள் ஒவ்வொன்றாக மேலே சொட்டின.

பாய்க்கும் அவளுக்கும் நடுவே வெயில் தெரிந்தது.

ரபாப் டப்பாவைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். தோல் வழுவழுவென்று பிசுபிசுத்தது. பிடி வழுக்கியது. வழுக்க வழுக்க, இறுக்கிப் பிடித்தாள்.