விமானத்தின் வாலில் மாலை

இலத்தூர் குளத்தில் அந்த வைகாசியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எருமைகள் மேயும் குளத்துத் தரையில் ஒரு குட்டி விமானம் நின்றது. மதுரைக்குப் போகும் வழியில் காற்று உலுக்கி எடுத்ததால், விமானி காந்திமதிநாதன் முந்தின நாள் மாலை அங்கே இறங்கிவிட்டார்.

காற்றில் வாலின் அசையும் பலகை அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதில் ஒரு மரச்சட்டத்தை மாட்டி இறுக்கினார். சட்டத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். வேடிக்கை பார்த்த சிறுமி பேராச்சிக்கு வாய் சும்மா இருக்குமா?

"துணி எதுக்கு மாமா?"

"சட்டத்தைக் கழத்த மறக்கக் கூடாதுல்லா, அதுக்கு. இதோட கிளம்பினா தலைகுப்புற விழ வேண்டியதுதான்."

"நீங்க மறந்துட்டா?"

"நானா? பதினஞ்சு வருசமா ஓட்டுதேன் பிள்ளை!" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஊரே குளத்துக்குள் திரண்டது. மாலை போட்டு, சூடம் காட்டாமல் எந்த வண்டியைத்தான் நம் ஊரில் கிளப்பியிருக்கிறோம்? மூக்கில் விசிறி சுற்றும் என்பதால் மாலைகள் எல்லாம் வாலுக்குப் போயின. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

விமானி விமானத்தைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். அதற்குள் ஊர்ப்பெரியவர் வல்லிநாயகம் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எங்க ஊர்ப் பிள்ளை ஒண்ணை ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டணும்!"

சீட்டுக் குலுக்கியதில் பேராச்சியின் தம்பி குத்தாலிங்கத்தின் பெயர் வந்தது. அவன் ஒரே தாவில் ஏறிக்கொண்டான். விமானியும் சிரித்தபடி ஏறிவிட்டார்.

எஞ்சின் உறுமியது. விசிறிக் காற்றில் மாலைகள் விலகின. உள்ளேயிருந்து சிவப்புத் துணி எட்டிப் பார்த்தது.

பேராச்சி அதைப் பார்த்துவிட்டாள். "நிறுத்துங்க! சட்டம் இருக்கு!" என்று கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வழியனுப்புகிறாள் என்று நினைத்து விமானி கையசைத்தார். தம்பி இரண்டு கைகளையும் ஆட்டினான். விமானம் குளத்தின் கடைசிவரை போய், கிளம்புவதற்காகத் திரும்பி நின்றது.

ஓரத்தில் வல்லிநாயகத்தின் எருமைகள் ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்தன. பேராச்சி ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "ஹை! ஹை!" என்று அவற்றைக் குளத்தின் நடுவே விரட்டினாள். நகர்ந்து வந்த விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. எருமைகள் அசைபோட்டபடி அதையே பார்த்தன.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஊர் மானத்தை வாங்கிட்டியே!" வல்லிநாயகம் கம்பை ஓங்கினார்.

விமானியும் கோபமாகக் குதித்து வந்தார். பேராச்சிக்கு மூச்சு வாங்கியது. வாலைக் காட்டினாள். மாலையை விலக்கிப் பார்த்த விமானியின் முகம் வெளுத்துப்போனது.

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. "யாருக்கும் தெரியாம கழத்திருங்க மாமா. நான் சொல்ல மாட்டேன்" என்று கிசுகிசுத்தாள்.

விமானி சட்டத்தைக் கழற்றி எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பிள்ளையைத் திட்டாதீங்க. இதைக் கழத்த மறந்தது நான்தான். பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டேன். இவ இல்லன்னா இந்தப் பயலும் நானும் போயிருப்போம்."

வல்லிநாயகத்தின் கம்பு தானாகக் கீழே இறங்கியது. பேராச்சி தம்பியை இறக்கிக் கட்டிக்கொண்டாள்.

அவனோ, "அப்ப நான் பறக்க முடியாதா?" என்று அழத் தொடங்கினான்.

"பறக்கலாம்லே. முதல்ல உங்க அக்கா பார்க்கட்டும்" என்றார் விமானி.

பேராச்சி மாலைகளை எல்லாம் எடுத்துப் போட்டாள். எருமைகளுக்கு நல்ல விருந்து. அவளும் விமானியும் சேர்ந்து இறக்கை, சக்கரம், வால் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள்.

எஞ்சின் மறுபடியும் உறுமியது. விமானி உள்ளேயிருந்து அவளையே பார்த்துக் காத்திருந்தார். பேராச்சி வாலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் விமானம் நகர்ந்தது.