நீராணி குடிபெயர்ந்த நாள்

பகல் பன்னிரண்டு மணிக்குப் பள்ளத்துக் கணிக்கூடத்தின் குளிரூட்டி நின்றுபோனது. நின்றதுதான் நின்றது, செவ்வாற்றில் வெள்ளம் வரப்போகிற நாளாகப் பார்த்தா நிற்க வேண்டும்!

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நீராணி. மாவட்டத்தின் ஆயிரத்து எழுநூறு மதகுகளையும் திறந்து மூடுகிற மனப்பொறி. பதினோரு வருஷமாக ஒரு நொடிகூட அதை நிறுத்தியதில்லை. எந்த வாய்க்கால் எந்த வளைவில் உடையும், எந்த ஊர்க்காரர் தண்ணீர் வரவில்லையென்று கூசாமல் பொய் சொல்வார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. நாற்று விடலாமா என்று விவசாயிகள் கேட்பதும் அதனிடம்தான். மதகைக் கையால் திறக்கும் கம்பிகளைக் கழற்றி எடைக்குப் போட்டே ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் கற்றதெல்லாம் அதன் ஓடுகிற நினைவில்தான் இருந்தது. நிறுத்தினால் அவ்வளவும் போய்விடும்.

கணிக்கூடத்தின் பொறுப்பாளர் தையல்நாயகி வெப்பமானியைப் பார்த்தாள். கணினியின் மூளையான செயலிகள் மூன்று மணிக்கு மேல் தாங்காது. வெள்ளத்தின் உச்சம் ஆறு மணிக்கு. ஆற்றோரம் நாற்பத்து மூன்று ஊர்கள். அவற்றில் மிகத் தாழ்ந்தது கீழக்கரம்பை. அங்கேதான் அவளுடைய அக்கா இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள்.

இந்த மாதிரி நாளுக்கென்றே ஆறு கிலோமீட்டர் தள்ளி மேட்டுக் கணிக்கூடம் இருந்தது. நீராணி வசிப்பது இரும்புக் கணினியில் அல்ல; அதற்குள் மென்பொருளால் கட்டிய நிழற்கணினியில். நிழற்கணினியை ஓட ஓட அப்படியே தூக்கி வேறு இயந்திரத்தில் வைத்துவிடலாம். வைத்துவிடலாம் என்றுதான் கோப்பில் இருந்தது.

வெள்ளோட்டமாக, ஒரே ஒரு வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் குட்டி நீராணி ஒன்றை அனுப்பினாள் தையல்நாயகி. நாலு நொடி ஓடியது. பிறகு பேச்சுமில்லை, மூச்சுமில்லை.

காரணத்தைத் தேடிப் பிடித்தாள்: மேட்டுக் கணிக்கூடத்தில் இருப்பது வேறு நிறுவனத்தின் செயலி. ஒரு தடவை ஒரு நிறுவனத்திடம் செயலி வாங்கினால் அடுத்த தடவை வேறு நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்பது துறையின் விதி. யாரும் யாருக்கும் சலுகை காட்டினார்கள் என்ற பேச்சு வரக் கூடாதாம். ‘ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒத்துப்போகுமா?’ என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் படிக்காமலே ‘ஆம்’ என்று நிரப்புவது துறையின் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த ‘ஆம்’ போட்டவள் சாட்சாத் தையல்நாயகியேதான்.

செயற்பொறியாளர் ஜமாலுதீன் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நீராணியை நிறுத்திவிட்டு மேட்டில் புதிதாக ஏற்றிவிடலாம், நினைவு போனாலும் பொறியாவது மிஞ்சும் என்றார்.

“புதுசா ஏத்தினா, சாயங்காலம் எந்த மதகைத் திறக்கணும்னு அதுக்கு யார் சார் சொல்லுவா?” என்று கேட்டாள் அவள்.

சிக்கல் இதுதான். நீராணி முதன்முதலில் கண் விழித்தபோது, தன் செயலிக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்கியது. இன்றுவரை அதை நம்பித்தான் பிழைக்கிறது. அதிலுள்ள பதினோரு கட்டளைகள் புதிய செயலிக்குத் தெரியாது. பட்டியலைத் திருத்த வேண்டுமென்றால் நீராணியை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

பட்டியல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள் தையல்நாயகி. நடுவில் ஒரு ஆளைப் போட்டாள். துபாஷி என்று அதற்குப் பெயர் வைத்தாள். கும்பினிக் காலத்தில் துரைக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசியவரை அப்படித்தான் அழைத்தார்கள். தெரியாத கட்டளை வந்தால் துபாஷி அதை வழியிலேயே பிடிக்கும், புதிய செயலிக்குத் தெரிந்த சின்னக் கட்டளைகளாக உடைக்கும், விடையைக் கொண்டுபோய்க் கொடுக்கும். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றே கால் மணி நேரத்தில் எழுதி முடித்தாள். அடேயப்பா, அந்தக் கைகளுக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்!

இரண்டாவது வெள்ளோட்டம் சாகவில்லை. ஆனால் தன்னைத்தானே மூடிக்கொண்டது. துபாஷி உடைத்துச் செய்வதற்குள் நேரம் பிடிக்கிறது. நினைப்பின் வேகம் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. நீராணி தன் நாடித்துடிப்பைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், உடம்பு சரியில்லாதவர் மதகைத் தொடக் கூடாது என்று ஒதுங்கிவிடும்.

அப்படியானால் அது பார்க்கிற கடிகாரத்தையும் மெதுவாக்கிவிட வேண்டியதுதான் என்றாள் அவள். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு செய்தியின் நேரத்தையும் துபாஷியே மாற்றிக் கொடுக்கும்.

ஜமாலுதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதுக்கு ஒரு மணி நேரம்னா நமக்கு மூணு மணி நேரம். ஆத்துத் தண்ணி மூணு மடங்கு வேகத்துல ஏறுற மாதிரி தெரியுமேம்மா. பயந்துராதா?”

“பயப்படட்டும் சார். பயந்தாதான் முன்கூட்டியே திறக்கும்.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

குடிபெயர்ப்பு தொடங்கியது. சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே வீடு மாற்றுகிற வேலை அது. பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோக வேண்டும். போன பாத்திரத்தில் மறுபடி ஏதாவது மாறினால் அதை மறுபடி கொண்டுபோக வேண்டும். கடைசியில் கொதிக்கிற உலையை மட்டும் இறக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு ஐம்பதுக்கு அந்தக் கடைசி ஓட்டம். அரை நொடி. அந்த அரை நொடியில் மாவட்டத்துக்கு நீராணி இல்லை. தையல்நாயகி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் நீராணி நிதானமாக இழுத்துப் பேசியது. “அக்கா, எல்லாரும் ஏன் இப்படி அவசரப்படுறீங்க? ஆறுகூட அவசரப்படுதே.”

அவள் நாற்காலியில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவதற்கு என்ன வெட்கம்!

பயந்துபோன நீராணி மூன்று மணிக்கே நானூறு மதகுகளைத் திறந்தது. யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று மேலிடத்திலிருந்து தொலைபேசிகள் அலறின. ஜமாலுதீன் ஒன்றையும் எடுக்கவில்லை. வறண்ட ஏரிகளெல்லாம் வரிசையாக நிரம்பின. ஆறு மணிக்கு வெள்ளம் வந்தபோது ஆற்றில் அதற்கு இடம் காத்திருந்தது. நாற்பத்து மூன்று ஊர்களில் ஒரு வீட்டு வாசற்படிகூட நனையவில்லை. கீழக்கரம்பையிலிருந்து அக்கா கூப்பிட்டு, வாசலில் போட்ட கோலம் அப்படியே இருக்கிறதென்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அலுவலகத்தில் பாதுஷா விநியோகம் நடந்தது. துபாஷியை மற்ற மாவட்டங்களும் கேட்டு எழுதின. தையல்நாயகியை ஒரு வாரம் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்த ஒரு வாரத்தில் அவள் துபாஷியைச் செதுக்கிச் செதுக்கி, பழைய வேகத்துக்கே ஓடும்படி தயார் செய்துவிட்டாள். அதை மாட்டும்போதே கடிகாரத்தையும் சரிசெய்ய வேண்டும், அதுதான் பாக்கி. சொல்லாமல் தொட்டால் நீராணி மூடிக்கொள்ளும். அதனால் சம்மதம் கேட்கப் போனாள்.

“அக்கா, வெள்ளம் வந்த நாள்லேர்ந்து உங்க எல்லாருக்கும் என்னமோ ஆயிருக்கு,” என்றது நீராணி. “படபடன்னு பேசுறீங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள எழுந்து போயிடுறீங்க. பதற்றத்துல இருக்கறவங்க உத்தரவ நான் எப்படி எடுத்துக்கறது? நிதானமா வாங்க.”

பகல் இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே, அதையாவது கவனிக்கவில்லையா என்று கேட்டாள். மழைக்காலத்தில் பகல் குறுகத்தானே செய்யும் என்றது.

தையல்நாயகி ஒவ்வொரு எழுத்தையும் மூன்று மடங்கு இழுத்து, “க...டி...கா...ர...ம்” என்று ஆரம்பித்தாள். இப்போதுதான் பழையபடி பேசுகிறீர்கள் என்று மகிழ்ந்தது நீராணி. சொல்லி முடிக்கப் பகல் கழிந்தது. இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றது; நமக்கு அது ஆறு நாள். அதற்குள் எரிச்சலூட்டாமல் இருக்க வேண்டுமே என்று ஜமாலுதீன் மாவட்டம் முழுவதற்கும் சுற்றறிக்கை அனுப்பினார்: நீராணியிடம் எல்லோரும் இழுத்து இழுத்துப் பேசவும். விவசாயிகள் வரப்பில் நின்று, “நா...ற்...று” என்று பாடாத குறையாகக் கேட்டார்கள்.

ஏழாம் நாள் எழுத்தில் பதில் வந்தது. ஜமாலுதீன் உரக்கப் படித்தார்.

‘தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. கடிகாரமும் என் நாடித்துடிப்பும் பிசகின்றி ஒத்துள்ளன. கோளாறு மனிதர்களிடமே இருந்தது. கடந்த இரண்டு நாட்களில் மாவட்டம் முழுவதும் அனைவரும் குணமடைந்துவிட்டதைக் கண்டு மகிழ்கிறேன். கடிகாரத்தைத் தொட வேண்டாம்.’