மீனம்பாளின் விசாரிப்பு

செல்போன் தன் கட்டைவிரலுக்குத் திறக்கவில்லை என்பதைத் தனசேகரன் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியர்வையாக இருக்கும் என்று வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். ராஜகிரி மலை பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் செஞ்சிக் கடைத்தெரு மேல் மெல்ல விட்டுக்கொண்டிருந்த மாலை நேரம். பஸ் ஸ்டாண்டு ஹாரன், பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை, சுவரில் நீண்டு கிடந்த ஜன்னல் கம்பி நிழல் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. விரல் மட்டும் மழமழவென்று, ரேகையே இல்லாமல் இருந்தது.

"ஜெயஸ்ரீ, இந்தக் கையக் கொஞ்சம் பாரேன். எரியுது. தோலு உரியுது."

மனைவி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்குது. ஒண்ணும் இல்லீங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. அது அவன் மற்றவர்களுக்குச் சொல்லிப் பழகிய பதில்.

எந்த வைத்தியமும் கேட்காத அளவுக்குப் புற்று முற்றியவர்களுக்குச் சென்னை மருத்துவமனை ஒன்று புது மருந்தை மஞ்சள் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தது. மனிதர்களிடம் அதுதான் முதல் சோதனை. முதல் மூன்று பேர் தாங்கினால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள், தாங்காவிட்டால் நிறுத்துவார்கள். இந்தப் பக்கத்து நோயாளிகளுக்கு மாலையில் போன் போட்டு, என்ன உபாதை என்று கேட்டு டாக்டரிடம் சொல்வது தனசேகரனின் வேலை. மண்டகப்பட்டு மீனம்பாள் முதல் மூவரில் ஒருத்தி.

"நான் பொழைக்க மாட்டேன்னு தெரியும் தம்பி," என்று ஆரம்பத்திலேயே சொன்னவள். "எனக்குப் பின்னால வர்றவங்களுக்காவது ஆவட்டும். நான் படுறத அப்டியே டாக்டருகிட்ட சொல்லிடு."

கை எரிகிறது என்றாள். வாயெல்லாம் வெந்துவிட்டது என்றாள். ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை என்று அழுதாள். "சகஜம்தாம்மா, மோர் குடிங்க" என்றான் இவன். செஞ்சியில் அந்த மருத்துவமனை கிளை திறந்தால் மேனேஜர் பதவி இவனுக்குத்தான் என்று பேச்சு இருந்தது. சோதனை நின்றால் அதுவும் போச்சு. டாக்டரிடம், "நல்லா இருக்காங்க சார்" என்றான். பாவி, நாக்குக் கூசாமல் சொன்னான். அவள் செத்ததும் நோய் முற்றிப் போனாள் என்றான். அளவைக் கூட்டினார்கள். அனந்தபுரத்து நாகம்மாள் அதைத் தின்று துடித்துச் செத்தாள். அதன் பிறகுதான் சோதனையை நிறுத்தினார்கள். இவன்மேல் ஒரு தூசு படவில்லை.

போன் அடித்தது. மீனம்பாளின் நம்பர். அந்தப் போனை அவள் மகன் குழிக்குள் வைத்ததை இவனே நின்று பார்த்திருந்தான்.

எடுக்கக் கூடாது என்று நினைக்கும்போதே கை எடுத்துவிட்டது.

"இன்னிக்கி எப்டி இருக்குது தம்பி?"

ஒவ்வொரு சொல்லும் புண்ணைத் தாண்டி வருவதுபோல ஈரமாக, மெதுவாக வந்தது. அவன் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கை... கை எரியுதும்மா."

"சகஜம்தான். மோர் குடி."

குடித்தான். நெருப்பாக இறங்கியது. நாக்கிலிருந்து ஏதோ கழன்றது. துப்பினான். தோல்.

ஜெயஸ்ரீ டம்ளரை எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லியே."

பூட்டு எண்ணைத் தட்டித் திறந்து டாக்டருக்குப் போன் போட்டான். "சார், வாயெல்லாம் வெந்துபோச்சு. காப்பாத்துங்க." கதறினான். தொண்டை கிழியக் கதறினான்.

"நல்லா இருக்கீங்களா? ரொம்ப சந்தோஷம் தனசேகரன்," என்றார் டாக்டர். வைத்துவிட்டார்.

மறுபடி அவள் நம்பர்.

"நான் சொல்லலைம்மா. மறைச்சுட்டேன். மன்னிச்சிடும்மா."

மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக. பிறகு, பெற்ற தாய் போலப் பரிவாக:

"இவ்ளோ நேரம் தாங்கிட்டியே. கொஞ்சம் கூட்டிக்கலாம்."

இணைப்பு அறுந்தது. வீடு அமைதியாக இருந்தது. வெங்காய வாசனை இல்லை. ஹாரன் இல்லை. சமையலறையில் வளையல் சத்தம். பிறகு காலடி. ஜெயஸ்ரீதான். அவள் சேலை. அவள் முகம். அவள் நடை.

குவித்த ஒரு கையில் விளிம்பு வழிய மஞ்சள் மாத்திரைகள்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மனைவி ஒருநாளும் கூப்பிடாதபடி கூப்பிட்டாள்.

"வாயத் தொற தம்பி."

வாய் தானாகத் திறந்தது.