சமயநல்லூர் வரைக்கும் மூச்சு

மத்தியானம் ஆஸ்பத்திரி பெஞ்சில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த மகளின் மூச்சில் ஏதோ சரியில்லை என்று திவ்யாவுக்குப் பட்டது. சளி இல்லை, இழுப்பு இல்லை. அளவெடுத்ததுபோல் இருந்தது, அதுதான் உறுத்தியது. ஆறு வயதுப் பிள்ளையின் மூச்சு தூக்கத்தில் தடுமாறும், நடுவே பெருமூச்சு வரும். ஆர்த்திகாவின் நெஞ்சோ வெடுக்கென்று ஏறி, சற்றே நின்று, மெல்ல இறங்கி, மறுபடி அப்படியே ஏறியது. ஐசியூவில் கிடக்கும் அவள் அப்பா முத்துக்குமரனுக்கு வென்டிலேட்டர் ஊட்டிக்கொண்டிருந்த மூச்சு அது.

திவ்யாவின் கண்ணுக்கு அது தப்பாது. அதே ஐசியூவில் அவள் பிசியோதெரபிஸ்ட். உள்ளங்கையைக் குவித்து நோயாளிகளின் நெஞ்சில் தட்டித் தட்டி, உறைந்த சளியை இளக்கி எடுத்து, எத்தனையோ பேரை அந்த இயந்திரத்திலிருந்து மீட்டு வீட்டுக்கு அனுப்பியவள். ஒத்தக்கடையில் லாரி மோதிய கணவனையும் கை வீங்கும்வரை தட்டினாள். நுரையீரல் தெளிந்தது. மூளை விழிக்கவே இல்லை.

"வீட்டுக்குக் கொண்டு போயிருவோம் தாயி. எம்மகன் உசுரு நம்ம வீட்லயே போகட்டும்" என்றார் மாமனார் தவசி.

ஆம்புலன்சில் வென்டிலேட்டருக்குப் பதில் கையால் அழுத்தும் ஆம்பு பை. அந்த ரப்பர் பையை வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வராமல், சமயநல்லூர் வரைக்கும் திவ்யாவே அழுத்தி அழுத்தி அவனுக்கு மூச்சுக் கொடுத்தாள். வீட்டுக் கட்டிலில் கிடத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாங்கி வைத்திருந்த பூமாலைகளின் வாசனை, மருந்து நெடி, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் சொந்தங்கள். பையின் புஸ் புஸ் தவிர வேறு சத்தமில்லை.

எதிர்ச் சுவரோரம் ஆர்த்திகா.

திவ்யா அழுத்தினாள். மகளின் நெஞ்சு ஏறியது. விட்டாள். இறங்கியது. ஒருமுறை, வேண்டுமென்றே தாமதித்தாள். மகளின் நெஞ்சு காத்திருந்தது. உதடு கறுத்தது. பதறி அழுத்தினாள்.

ஏறியது.

"மாமா, புள்ளயப் பாருங்க மாமா..."

"அழுது களைச்சிருக்கு தாயி. இவன இன்னும் எம்புட்டு நேரம் வதைப்ப? விட்ரு."

"மாட்டேன். நான் விட்டா அவளும்..."

தவசி அழுதுகொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பையைக் குழாயிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டார். முத்துக்குமரன் அடங்கினான். வீடே ஓவென்று அலறியது. பெண்கள் திவ்யாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளால் நகர முடியவில்லை.

ஆர்த்திகா அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, நெஞ்சு ஏறவில்லை. கூட்டத்தின் கால்களுக்கிடையே தவழ்ந்து வந்தாள். தரையில் கிடந்த பையை எடுத்தாள். அம்மாவின் கையில் அதைத் திணித்தாள்.