சூடு மட்டும் வேண்டாம்

தோளில் ஒரு துணிப்பையும் நெஞ்சோடு அணைத்த கண்ணாடித் தொட்டியுமாகப் பிரவீனா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது பல்லேபொலை ஊரில் மழை தூறத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரி சுந்தரம்மா வாசலில் காத்திருந்தார். முன்பக்கம் அவருடைய புது வீடு. பின்னால், ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே, பிரவீனா வாடகைக்குப் பேசியிருந்த பழைய வீடு.

ஒரு காலத்தில் அங்கே கராம்பு உலர்த்தினார்களாம். கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நாள்கணக்கில் காயாத கம்பளியின் வாடை.

"பையில என்ன புள்ள நெளியுது?"

"பாம்புக் குட்டிங்கம்மா. விஷம் இல்ல. சோளப்பாம்புன்னு சொல்லுவாங்க, வெளிநாட்டுச் சாதி."

மாத்தளையில் பிரவீனா வேலை செய்யும் மிருக வைத்தியரின் வாசலில், யாரோ ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பென்சில் தடிப்புத்தான் இருக்கும். செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள். கையில் எடுத்ததும் அவள் விரல்களுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. அதை யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் தங்கியிருந்த விடுதியில் பாம்பு கூடாது என்றார்கள். அதனால்தான் இந்த வீடு.

சுந்தரம்மா பயப்படவில்லை, சிரித்தார். "இருக்கட்டும், எலித் தொல்லை குறையும்." பிறகு தொட்டிக்குள்ளிருந்து தொங்கிய வயரைப் பார்த்தார். "அது என்னத்துக்கு?"

"சூட்டுப் பாய்ங்கம்மா. தொட்டிக்குக் கீழ ஒரு பக்கமா வைக்கணும். சூடு இல்லாட்டி தின்னது செரிக்காது, செத்துப்போயிரும். உள் அறையில மட்டுந்தான் பிளக் இருக்கு, அங்கயே வச்சுக்கிறேன்."

சுந்தரம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

"பாம்ப வச்சுக்க புள்ள. அந்த அறையில சூடு மட்டும் வேணாம்."

கரண்ட் பில்லை நினைத்துச் சொல்கிறார் என்று பிரவீனா எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே தொட்டியைத் தயார்படுத்தினாள். அடியில் தேங்காய்த் தும்புத்தூளைப் பரப்பினாள். இரண்டு சிரட்டைகளில் வாசல் வெட்டி, சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாகக் கவிழ்த்தாள். குட்டிப் பாம்புக்கு ஒளிய இடம் வேண்டும். சூட்டுக்காக ஒளிவிடத்தையோ, ஒளிவிடத்துக்காகச் சூட்டையோ அது விட்டுக்கொடுக்கும்படி வைக்கக்கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள், மூடியின் கொக்கிகளை மாட்டினாள். சூடு முப்பது பாகைக்கு ஏறி நின்றது. குட்டி நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்து, சூடான சிரட்டைக்குள் நுழைந்தது. பிரவீனாவுக்கு ஒரு குழந்தையைத் தூங்கவைத்த நிம்மதி.

சில நாட்கள்தான் அந்த நிம்மதி இருந்தது.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது குட்டி குளிர்ந்த பக்கத்து மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. சூடான பக்கத்து வெப்பமானி இருபதுக்கும் கீழே காட்டியது. அவள் தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். பாய் சுட்டது. உள்ளே கையை விட்டாள். அந்தப் பாய்க்கு நேர் மேலே இருந்த தும்புத்தூள் ஈரமண் போலச் சில்லிட்டது.

புதுப் பாய் வாங்கி வந்தாள். புது வெப்பமானியும் வைத்தாள். எதுவும் மாறவில்லை.

சூடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

குட்டி சாப்பிடுவதை நிறுத்தியது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, பெரும்பாலும் தரையின் அதிர்வைத்தான் உணரும் என்பது பிரவீனாவுக்குத் தெரியும். அவள் அசையாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே அது தலையைத் தூக்கும். கதவுப் பக்கம் திரும்பும். பிறகு, யாரோ மெல்ல மெல்ல நடந்து கிட்ட வருவதைப் பார்ப்பதுபோல, தலை சிறிது சிறிதாகத் தொட்டியின் சூடான பக்கத்துக்கு வந்து நிற்கும்.

அங்கே யாரும் இல்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று பகல் முழுக்க மழை. ஓட்டில் விழும் மழையைத் தவிர வேறு சத்தமில்லை. ஈரக் கம்பளி வாடை அன்று தொண்டையை அடைத்தது. பிரவீனா தொட்டியின் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். குட்டியின் நிறம் மங்கியிருந்தது. இன்றைக்கும் சூடு கிடைக்காவிட்டால் அது பிழைக்காது.

சூடான பக்கத்தில் தும்புத்தூள் அமுங்கியது.

முதலில் ஒரு குழி. அதைச் சுற்றி ஐந்து சின்னக் குழிகள்.

ஒரு உள்ளங்கை, ஐந்து விரல்கள். அடுப்பில் குளிர்காய்கிறவர்களின் கை போல அது அங்கேயே ஊன்றி நின்றது. மூடியின் கொக்கிகள் மாட்டியபடியே இருந்தன.

குட்டி அசைந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சூட்டைத் தேடி ஊர்ந்தது. அந்தக் குழிகளின் விளிம்புக்கு வந்ததும் தலையைத் தூக்கியது. ஏறியது.

காற்றில் ஏறியது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு மெலிந்த மணிக்கட்டின் அளவுக்கு வளையம் போட்டு, அந்தரத்தில் தொங்கியது.

"குளிருது..."

குரல் காதருகில் கேட்டது.

பிரவீனா கொக்கிகளைப் பிய்த்து மூடியைத் தள்ளினாள். குட்டியைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று வரும்போது அவள் விரல்கள் எதிலோ உரசின. எலும்பும் தோலுமான, பனிக்கட்டி போன்ற எதுவோ. அவள் அலறினாள். குட்டியைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சத்தம் கேட்டு சுந்தரம்மா மழையிலேயே ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"வந்துட்டாளா?"

"யாரும்மா அது?"

"என் வீட்டுக்காரரோட தங்கச்சி, பூமணி. அந்த அறையிலதான் கிடந்தா. என்ன நோவுன்னு ஒரு டாக்டருக்கும் தெரியல. மூணு கம்பளி போத்துனாலும் குளிருது குளிருதும்பா. நெருப்புச் சட்டிய கிட்ட வச்சா அதுவும் அணஞ்சு போகும்." சுந்தரம்மா குரலைத் தாழ்த்தினார். "யாராச்சும் பக்கத்துல உக்காந்தா போதும், ஒட்டிக்குவா. விடவே மாட்டா. கடைசியில அவங்க அம்மாவ அப்படிப் புடிச்சுக்கிட்டே செத்தா. விரல ஒவ்வொண்ணாத்தான் பிரிச்சாங்க."

பிரவீனாவின் பற்கள் கிட்டின.

"நீ போயிரு புள்ள. சாமான நான் அனுப்பி வைக்கிறேன். உள்ள திரும்பிப் போகாத."

மாத்தளையில் ஜெஸ்லாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெஸ்லா அவளோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவள். துவாயைக் கொடுத்து சோபாவில் உட்காரவைத்தாள். தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு போனது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். பிரவீனாவுக்கு மூச்சு சீராக வந்தது.

வயிற்றில் ஏதோ கூசியது. சட்டைக்குள் பார்த்தாள். குட்டி தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. நிறம் திரும்பியிருந்தது.

"பொழச்சிருச்சுடி!" பிரவீனா அழுதுகொண்டே சிரித்தாள். "பொழச்சிருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஜெஸ்லா. பிளேன்டீக் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, சோபாவின் பின்னால் வந்து குனிந்து தோழியின் தோள்களை ஆதரவாகப் பற்றினாள்.

உடனே இடது கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி இது? இந்தத் தோள் மட்டும் ஐஸ் மாதிரி ஈக்குது?"

பிரவீனா திரும்பவில்லை. கோப்பையிலிருந்து எழுந்த ஆவி மேலே போகாமல் இடப்பக்கமாகச் சாய்ந்து மறைந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் சோபாவின் மெத்தை மெல்ல அமுங்கியது.